இருட்டில் உயர்ந்த பயறு

சென்ற தவணையில் நான்காம் ஆண்டு மாணவர்களின் அறிவியல் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு பிழை செய்தேன். பிழையென்று அப்பொழுது தெரியவில்லை. சிவப்பு மையில் ஒரு குறுக்குக் கோடு, அவ்வளவுதான்.

வினா இதுதான். பச்சைப் பயற்றைப் பஞ்சில் முளைக்க வைத்து, ஒரு குவளையைச் சன்னலோரத்திலும் மற்றொன்றை மூடிய பெட்டிக்குள்ளும் வைத்தால், ஒரு வாரத்திற்குப் பின் எது உயரமாக வளர்ந்திருக்கும்? காரணம் கூறுக. வினாவை ஆக்கியவளும் நான். விடைப்பட்டியைத் தயாரித்தவளும் நான். ஆகவே பழியை வேறெவர்மீதும் சுமத்த வழியில்லை. 'சன்னலோரத்துச் செடி, அதற்குச் சூரிய ஒளி கிடைக்கிறது' என்பது நான் எதிர்பார்த்த விடை. வகுப்பில் 21 பேர். 20 பேர் அப்படியே எழுதியிருந்தார்கள். ஒரு மாணவி மட்டும் 'பெட்டிக்குள் இருக்கும் செடி' என்று எழுதி, காரணம் கூறுக என்ற இடத்தில் 'ஏனென்றால் நான் அளந்து பார்த்தேன்' என்று முடித்திருந்தாள். இரண்டு புள்ளிகளையும் கழித்துவிட்டேன்.

அவள் அதிகம் பேசாத பிள்ளை. தாளைத் திருப்பிக் கொடுத்த அன்றும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை, சபைகூடல் முடிந்து வகுப்பிற்குள் நுழைந்தபோது என் மேசையின்மேல் ஒரு காலணிப் பெட்டி நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அதனருகே ஒரு நெகிழிக் குவளை. பெட்டியைத் திறந்தேன். உள்ளே வெளிறிய மஞ்சள் நிறத்தில், நூலைப்போல் மெலிந்த தண்டுகள். அவள் தன் அடிக்கோலை நீட்டினாள். பெட்டிக்குள் இருந்தது 22 செ.மீ. வெளியில் வளர்ந்தது 12 செ.மீ.

அப்பொழுதும் நான் உடனே ஒப்புக்கொள்ளவில்லை என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். "வெளுத்துப் போய்க் கிடக்கிறதே, இதையெல்லாம் வளர்ச்சி என்று சொல்ல முடியுமா?" என்று கேட்டேன். ஆசிரியர்களுக்கு இத்தகைய கேள்விகள் சட்டென்று வாயில் வந்துவிடும். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எது ஒசரம்னுதானே டீச்சர் கேட்டிருந்தீங்க?"

ஆம். உயரத்தைத்தான் கேட்டிருந்தேன்.

அன்று மாலை பழைய பாட நூல்களையும் பயிற்சிக் கழகக் குறிப்பேடுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்தேன். இருட்டில் முளைக்கும் செடி நெடிதாக வளரும் என்பதை நானும் படித்திருக்கிறேன். தேர்வுக்காகப் படித்தேன், எழுதினேன், மறந்தேன். எங்கள் ஊர்ச் சந்தையில் விற்கும் தௌகே அப்படி வளர்ந்ததுதானே! வாரம் இருமுறை மீ கோரெங்கில் போட்டுச் சாப்பிடுகிற பொருளைப் பற்றி ஒரு வினாவை ஆக்கி, அதற்குத் தவறான விடையையும் நானே எழுதி வைத்திருக்கிறேன்.

விதையைப் பற்றிச் சற்று எண்ணிப் பார்த்தால் இதில் வியப்பில்லை. மண்ணுக்கடியில் முளைக்கும் விதைக்கு வெளிச்சம் எத்தனை தொலைவில் இருக்கிறதென்று தெரியாது. கையில் இருப்பது பருப்பில் சேமித்த கொஞ்சம் உணவு. அதை இலை விரிப்பதிலும் பச்சையம் ஆக்குவதிலும் செலவிட்டால் மேலே வந்து சேருமுன் இருப்புத் தீர்ந்துவிடும். எனவே முழு முதலையும் தண்டில் போட்டு ஓடுகிறது. நுனியைக் கொக்கிபோல் வளைத்து வைத்துக்கொள்கிறது. மண்ணை முட்டி வருவது வளைந்த முதுகுதான், மெல்லிய குருத்து அதன் பின்னே பத்திரமாக வருகிறது. வெளிச்சம் பட்டதும் ஓட்டம் தளர்கிறது, கொக்கி நிமிர்கிறது, இலை விரிகிறது, பச்சை ஏறுகிறது.

இந்த ஓட்டத்தையும் நிறுத்தத்தையும் நடத்துபவைதாம் தாவர ஹார்மோன்கள். நாம் வளரூக்கிகள் என்றும் சொல்கிறோம். மிகச் சிறிய அளவில் செடியின் ஓரிடத்தில் உண்டாகி, அங்கேயோ வேறோரிடத்திலோ வேலை செய்யும் வேதிப் பொருள்கள். செடிக்கு மூளையில்லை, நரம்பில்லை. ஆனால் நுனியில் நடப்பது அடிக்கும், வேரில் நடப்பது இலைக்கும் எட்டுகிறது. இருட்டில் தண்டை நீட்டுவதில் ஜிப்பெரலினுக்குப் பெரும்பங்கு உண்டு. தண்டு நீள்வதைத் தடுத்துப் பிடித்திருக்கும் சில புரதங்களை அது அகற்றிவிடுகிறது. ஒளி பட்டால் ஜிப்பெரலினின் கை தாழ்ந்து, அந்தத் தடைகள் மீண்டும் வலுப்பெறுகின்றன. பிராசினோஸ்டீராய்டு என்னும் இன்னொரு வகை ஹார்மோனும் இதில் சேர்ந்திருக்கிறது. அதை ஆக்கத் தெரியாத செடிகளை இருட்டில் வைத்தாலும் அவை வெளிச்சத்தில் நிற்பவைபோல் குட்டையாகவே நிற்கின்றனவாம்.

ஜிப்பெரலின் தெரிய வந்த வரலாறு நெல் வயலிலிருந்து தொடங்குகிறது. ஜப்பானிய உழவர்கள் சில நாற்றுகள் மற்றவற்றைவிட மளமளவென்று உயர்ந்து, மெலிந்து, மணி பிடிக்காமல் சாய்வதைக் கண்டு அந்நோய்க்கு 'மூட நாற்று' என்ற பொருளில் பெயரிட்டிருந்தார்கள். அதற்குக் காரணம் ஒரு பூஞ்சை விடும் பொருளே என்று 1926இல் தைவானில் பணியாற்றிய குரோசாவா காட்டினார். 1935இல் யபுதா அப்பொருளுக்கு ஜிப்பெரலின் என்று பெயர் வைத்தார். செடியே அதைத் தனக்குள் ஆக்கிக்கொள்கிறது என்பது பின்னர் தெரிய வந்தது. 1966இல் வெளிவந்த ஐ.ஆர்.8 நெல் குட்டையாக, கதிர் கனத்தாலும் சாயாமல் நின்றதற்கும் அதே ஜிப்பெரலின் அதனுள் குறைவாக இருந்ததே காரணம். மூட நாற்றையும் குட்டை நெல்லையும் ஒரே பொருள் ஆட்டி வைத்திருக்கிறது.

மறுவாரம் வகுப்பில் முதல் வேலையாகத் தாளை வாங்கி, குறுக்குக் கோட்டை அடித்து, இரண்டு புள்ளிகளைச் சேர்த்தேன். அனைவர் முன்னிலையிலும் நான் தவறான விடை வைத்திருந்ததைச் சொன்னேன். உடனே பின் வரிசையிலிருந்து, "அப்படின்னா எங்களுக்குப் புள்ளி போயிடுமா டீச்சர்?" என்று குரல் வந்தது. 20 பேரின் புள்ளிகளைப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை. வினாவையே நீக்கி, அனைவருக்கும் புள்ளிகளைக் கொடுத்தேன். அது நியாயமா என்று இன்னும் உறுதியாகத் தெரியவில்லை. அளந்தவளுக்கும் அளக்காதவர்களுக்கும் ஒரே இரண்டு புள்ளிகள்.

சன்னலோரத்துச் செடி வெளிச்சத்தை நோக்கி வளைந்திருப்பதை அன்றுதான் எல்லோரும் கூர்ந்து பார்த்தார்கள். 'செடிக்கு வெளிச்சம் பிடிக்கும், அதனால் திரும்புகிறது' என்றே இத்தனை ஆண்டுகளும் சொல்லி வந்தேன். சொல்ல எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தக் கையால் திரும்புகிறது? சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் 1880இல் வெளியிட்ட நூலில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். புல் முளையின் நுனிக்கு ஒரு தொப்பி போட்டு மறைத்தார்கள், முளை வளையவில்லை. அடிப்பகுதியை மட்டும் மூடினார்கள், வளைந்தது. ஒளியைக் காண்பது நுனி. வளைவதோ அதற்குக் கீழுள்ள பகுதி. எனவே மேலிருந்து கீழே ஏதோ ஒரு செய்தி போக வேண்டும்.

அந்தச் செய்தியைக் கையில் பிடித்தவர் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஆய்வு செய்த இளைஞர் பிரிட்ஸ் வெண்ட். 1926இல், ஓட்ஸ் முளைகளின் நுனிகளை வெட்டி அகார் துண்டின்மேல் சிறிது நேரம் வைத்தார். பிறகு நுனிகளை எறிந்துவிட்டு, அந்த அகார் துண்டை நுனியிழந்த முளையின்மேல் ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தார். இருட்டிலேயே முளை எதிர்ப்பக்கமாக வளைந்தது! நுனியிலிருந்து அகாருக்குள் ஏதோ இறங்கியிருக்கிறது; அது இறங்கிய பக்கம் மிகுதியாக வளர்ந்திருக்கிறது. ஆக்சின் என்று பின்னர் பெயர் பெற்றது அதுவே. ஒரு பக்கம் ஒளி பட்டால் ஆக்சின் நிழல் பக்கத்திற்கு ஒதுங்கும். அந்தப் பக்கத்து உயிரணுக்கள் நீளும். தண்டு ஒளியின் பக்கம் சாயும். வெண்ட் 1926, குரோசாவா 1926. இருவரும் உலகின் இரு மூலைகளில் ஒரே ஆண்டில் இரண்டு ஹார்மோன்களின் வாலைப் பிடித்திருக்கிறார்கள்.

அகார் என்றதும் வகுப்பில் ஒரே சிரிப்பு. "அகார் அகாரா டீச்சர்? தீபாவளிக்கு எங்கம்மா செய்வாங்களே!" அதுவேதான் என்றேன். அந்தச் சொல்லே நம் மலாய் மொழியிலிருந்து ஆய்வுக்கூடங்களுக்குப் போனதென்று சொன்னபோது அவர்களுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆக்சினின் முதன்மையான வடிவத்தை 1934இல் மனிதச் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்தார்கள் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். சொல்லியிருந்தால் அன்று பாடம் நடந்திராது.

வேரில் இதே ஆக்சின் நேர்மாறாக நடந்துகொள்கிறது. படுக்க வைத்த முளையின் கீழ்ப்பக்கத்தில் ஆக்சின் சேர்கிறது. தண்டில் அது கீழ்ப்பக்கத்தை விரைந்து வளர்ப்பதால் தண்டு மேலே நிமிர்கிறது. வேருக்கோ அதே அளவு மிகுதி. கீழ்ப்பக்க வளர்ச்சி தடைப்பட, வேர் கீழே திரும்புகிறது. பள்ளி வேலியோரச் செம்பருத்தியின் கொழுந்தைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடிப்பதும் நுனியின் ஆக்சின் ஆட்சி நீங்குவதால்தான். அங்கே சைட்டோகைனின் கிளைமொட்டுகளுக்குத் துணை நிற்கிறது; இளநீரில் அது நிறைய உண்டு. வறட்சியில் இலைத்துளைகளை மூடச் சொல்வது அப்சிசிக் அமிலம். தொட்டாற்சிணுங்கியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதன் இலை சடுதியில் மடங்குவது காம்பின் அடியிலுள்ள உயிரணுக்கள் நீரை இழப்பதால், அது வளர்ச்சியல்ல.

இவை எல்லாம் ஒரு பக்கம். என்னை இரவில் விழித்திருக்க வைத்தது எத்திலின்.

சந்தையில் விற்கும் தௌகே குண்டாகவும் குட்டையாகவும் இருக்கிறது. என் மாணவியின் முளைகள் நூலாக இருந்தன. இரண்டும் இருட்டில் வளர்ந்தவை. ஏன் இந்த வேறுபாடு என்று தேடினேன். முளைகளின்மேல் பாரம் வைத்து வளர்ப்பது தௌகே வளர்ப்போரின் பழைய வழக்கம். முட்டி நிற்கும் முளை எத்திலின் என்னும் வாயுவை உண்டாக்குகிறது. எத்திலின் நீட்சியைக் குறைத்துத் தண்டைப் பருக்க வைக்கிறது. மண்ணில் கல் தடுத்தாலும் இதுதான் நடக்கும். ரஷ்யாவின் நெல்யூபோவ் 1901இலேயே, விளக்கெரிக்கும் வாயுவிலிருந்த எத்திலினே பட்டாணி முளைகளைக் குட்டையாக்கிப் பருக்கச் செய்து கிடையாக வளைக்கிறதென்று காட்டியிருக்கிறார். பழுக்கும் பழங்கள் தாமே அதை வெளியிடுகின்றன என்பதை 1934இல் கேன் என்பவர் மெய்ப்பித்தார். அரிசித் தவலைக்குள் மூடி வைத்த வாழைக்காய் விரைவில் பழுப்பது தன் மூச்சிலேயே தான் அடைபட்டுக் கிடப்பதால்.

அதே பக்கத்தில், எத்திலினை விடும் மருந்துகளின் பயன்கள் என்ற பகுதியில், எத்தெபான் என்ற பெயரும் அதன் கீழே ரப்பர் மரமும் இருந்தன. படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அம்மாவின் அறைக்குப் போனேன்.

என் அம்மா 26 ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். நான் பிறந்து வளர்ந்ததும் தோட்டத்து லயத்தில்தான். அந்தத் தோட்டம் இப்போது இல்லை. முதலில் செம்பனை வந்தது, பிறகு வீடமைப்புத் திட்டம் வந்தது. விடியுமுன் நெற்றி விளக்கோடு அம்மா புறப்படுவதும், எண்பதுகளின் இறுதியில் சில நாள்களில் கத்தியோடு ஒரு தூரிகையும் சிறு டப்பாவும் எடுத்துப் போவதும் எனக்கு நினைவிருக்கிறது. வெட்டுக்கோட்டின் கீழே பட்டையை மெல்லச் சுரண்டி அதன்மேல் பூச வேண்டும். எங்கள் லயத்தில் எல்லோரும் அதை 'மருந்து' என்றே சொல்வார்கள். மருந்தென்றால் மரத்திற்கு ஏதோ நோய் என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, அந்த மருந்து என்ன மருந்து?"

"பால் மருந்தும்மா. பூசினா ஓடும்."

விடியற்காலையில் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருக்கும். அதனால்தான் அவ்வளவு இருட்டில் வெட்டுவது. வெட்டியதும் அழுத்தத்தால் பால் பீறிட்டு வழிகிறது. ஓரிரு மணி நேரத்தில் பாலில் மிதக்கும் நுண்ணிய பைகள் உடைந்து, பாலை உறைய வைத்து, குழாய்களின் வாயை அடைக்கின்றன. மரம் தன் காயத்தைத் தானே மூடிக்கொள்கிறது. எத்தெபான் அமிலம் மிகுந்த கரைசலில் அமைதியாகக் கிடக்கும். பட்டைக்குள் அமிலம் குறைந்த இடத்திற்குச் சென்றதும் உடைந்து எத்திலினை விடும். அந்த எத்திலின் அடைப்பைத் தாமதப்படுத்துகிறது. பால்குழாய்களுக்குள் நீரும் சர்க்கரையும் மிகுதியாக வரச் செய்கிறது. மரம் நெடுநேரம் மூடிக்கொள்ளாமல் வழிகிறது. நம் நாட்டு ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1960களின் இறுதியிலேயே இதைச் சோதித்திருக்கிறது. அதற்கு முந்திய தலைமுறை செம்பனை எண்ணெயில் 2,4-டி போன்ற செயற்கை ஆக்சின்களைக் குழைத்துப் பூசியது. ஆக்சின் மிகுந்தால் பட்டையே எத்திலினை உண்டாக்கும்; அப்போது அந்த விளக்கம் தெரியாமலே பூசினார்கள். அவசரகாலத்தில் தெளிக்கப்பட்டவற்றிலும் இந்த இனத்து மருந்துகள் இருந்தன.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார். அகாரும் ஓட்ஸும் அவருக்குச் சுவைப்படவில்லை. குழாய் வாய் அடைபடும் கதை வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதான் மத்தியானம் வரைக்கும் சொட்டிக்கிட்டே இருக்கும். ஒரு வாட்டி எடுத்துட்டு வந்து, திரும்பவும் போவணும். வாளி நெறஞ்சிரும், ஆனா ஸ்டோர்ல கம்பிய விட்டுப் பாத்தா தண்ணிப்பாலும்பாங்க."

கம்பி என்று அவர் சொன்னது மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவி. பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறதென்று அது காட்டும். கூலிக் கணக்கு அதையும் பார்க்கும். எத்திலின் நீரை உள்ளே இழுப்பதால் பால் நீர்த்துப் போகிறது. மொத்த ரப்பர் கூடத்தான் செய்கிறது. ஆனால் வாளி கூடிய அளவுக்குக் கூடுவதில்லை. கிராணியின் ஏட்டில் எண் சிறியதாக விழுந்த நாள்களில், தம் பாலில் தண்ணீர் கலந்துவிட்டதாக நினைப்பார்களோ என்று அம்மா அஞ்சியிருக்கிறார். அந்த அச்சத்தை இத்தனை ஆண்டுகளாக என்னிடம் சொன்னதே இல்லை.

"பட்ட மரமும் அதனாலதானா?" என்று கேட்டார்.

பால் வறண்டு, பட்டை பழுப்பேறி, வெட்டினாலும் கசியாத மரத்தைத் தோட்டத்தில் அப்படிச் சொல்வார்கள். மிகையாக வெட்டினாலும் மிகையாக மருந்து பூசினாலும் இந்த வறட்சி கூடும் என்பது ஆராய்ந்து அறிந்த செய்தி. ஓய்வு கொடுத்து, சில நாள்களுக்கு ஒருமுறை மட்டும் வெட்டி, அளவோடு பூசினால் மரம் தாங்கும். ஆளும் குறைவாகப் போதும். மருந்து கெட்டதன்று. எவ்வளவு, எத்தனை நாளைக்கொருமுறை என்பதுதான் கணக்கு. அதற்குமேல் மரத்திற்கு மரம் உள்ள வேறுபாடும் உண்டு. ஆகவே அதனாலும் இருக்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

"எங்கையிதான் சரியில்லன்னு சொன்னாங்க. ஆழமா வெட்டிப்புட்டேனாம்." அம்மா வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். "ஒரே வரிசையில ஏழு மரம்."

ஆழமாக வெட்டினால் மரம் புண்படும் என்பதும் உண்மைதான். முப்பது ஆண்டுகளுக்குப் பின் அந்த ஏழு மரங்களும் எதனால் வறண்டன என்று யாராலும் சொல்ல இயலாது. அவை நின்ற இடத்தில் இப்போது வாகன நிறுத்துமிடம். அம்மாவின் தாளையும் யாரோ ஒரு விடைப்பட்டியை வைத்துத் திருத்தியிருக்கிறார்கள். அதைத் திருத்தியமைக்க என்னிடம் அளவு எதுவும் இல்லை.

காலணிப் பெட்டிச் செடியை வகுப்புச் சன்னலோரத்திற்கு மாற்றினோம். மறுநாளே இலைகளில் பச்சை ஏறத் தொடங்கிவிட்டது. ஆனால் தண்டு தன் மெலிவை மாற்றிக்கொள்ளவில்லை. தலை கனத்ததும் சாய்ந்தது. எந்தச் செடி 'நன்றாக' வளர்ந்தது என்று வகுப்பில் பெரிய வாக்குவாதம். உயரம் என்றார்கள் சிலர். பச்சை என்றார்கள் சிலர். எடை போட வேண்டும் என்றான் ஒருவன். காய வைத்து எடை பார்க்க வேண்டும் என்று நான் சேர்த்துக்கொண்டேன்; நம் பள்ளித் தராசு அவ்வளவு நுட்பமாகக் காட்டாது என்பது வேறு கதை.

அடுத்த சோதனைக்கு அந்த வினாவை மாற்றி எழுதியிருக்கிறேன். 'எது உயரமாக வளர்ந்திருக்கும்' என்பதோடு 'எவ்வாறு அளப்பாய்' என்றும் கேட்டிருக்கிறேன். விடைப்பட்டியில் அந்த இடத்தை இன்னும் நிரப்பவில்லை.

அவளுடைய குறிப்பேட்டை நேற்றுப் பார்த்தேன். நாளுக்கொரு வரி, அடிக்கோலால் கோடு போட்டு எழுதியிருக்கிறாள். கடைசி வரி: '11ஆம் நாள். 24 செ.மீ. சாய்ந்துவிட்டது. சத்தே குச்சி வைத்துக் கட்டினோம்.'